ராஜபாளையத்துப் பேக்கரி சாண்ட்விச்

சூடான சாண்ட்விச் செய்ய மதுரையில், கல்லூரி விடுதியில் கற்றுக்கொண்டேன். அங்கே நாங்கள் நான்கு பேர், துணி தேய்க்கும் பெட்டியால் அழுத்தி வார்டனுக்குத் தெரியாமல் சுடுவோம். வீட்டில் தோசைக்கல் போதும். ரொட்டித் துண்டுகளை அடுக்கி, மேலே தண்ணீர் நிரப்பிய சின்னக் குக்கரை வைத்தால் நன்றாக அழுந்தும். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மசாலா வழியாமல் நிற்கும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். சம்பளத்தைச் சேர்த்து, மம்சாபுரத்தில் காலனி வீட்டுச் சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டினேன். அந்த டிவியால்தான் என்னோடு வேலை பார்க்கும் மூன்று டீச்சர்கள் வீட்டுக்கு வந்தார்கள். பெண்கள் கிரிக்கெட்டில் நம் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தது. மற்ற டீச்சர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ரிமோட் ஆண்கள் கையில் இருக்கும்.

"ஒங்க வீட்டுக்கே வந்துருதோம் டீச்சர். கத்துனாலும் கேக்க ஆளில்ல" என்றார் விளையாட்டு டீச்சர். தமிழ் டீச்சரும் அறிவியல் டீச்சரும் உடனே தலையாட்டினார்கள்.

எங்கள் சாதியார் வீட்டில் மற்ற தெருக்காரர்கள் கை நனைப்பதில்லை. அது அப்பா காலத்து வழக்கம், அப்பாவோடு போகும் என்று நினைத்திருந்தேன். இவர்கள் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்கிறவர்கள். என் வீட்டில், என் கையால் சமைத்ததை அவர்கள் ஒருமுறை சாப்பிட்டுவிட்டால் போதும். படித்ததற்கு எனக்கு அதுதான் அத்தாட்சி.

அம்மா வேறு மாதிரி சொன்னாள். "பாட்டில் சோடாவும் பாக்கெட் மிச்சரும் வாங்கி வையி. அடுப்பப் பத்த வைக்காத."

"அவிய எல்லாம் படிச்சவியம்மா."

"படிச்சவிய வாரதுனாலதாம்ட்டி சொல்லுதேன். படிக்காதவன்னா வேண்டாம்னு மூஞ்சிக்கி நேரா சொல்லிட்டுப் போயிருவான். இவிய சிரிச்சுக்கிட்டே சொல்லுவாக."

நான் கேட்கவில்லை. பேக்கரியில் ரொட்டியைத் தடிமனாக வெட்டி வாங்கினேன். முட்டையைப் பொரித்து, மிளகும் வெங்காயமும் சேர்த்து ஒரு வகை. முட்டை சாப்பிடாத தமிழ் டீச்சருக்காக உருளைக்கிழங்கும் புதினாச் சட்னியும் வைத்து இன்னொரு வகை. யாருக்கு விரதம், யாருக்கு எது சேராது என்று முன்பே கேட்டு வைத்திருந்தேன். ஒரு சாக்குக்கும் இடம் விடவில்லை. எதற்கு என்று சொல்லாமல் கேட்டேன், அவர்களை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று.

மூவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். பாயில் என்னோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதல் விக்கெட் விழுந்தபோது விளையாட்டு டீச்சர் என்னைக் கட்டிப்பிடித்துக் கத்தினார். நான் டீ கொண்டு வந்து வைத்தேன். "வையுங்க, பொறவு குடிச்சுக்கிடுதோம்" என்றார் அறிவியல் டீச்சர். பைக்குள்ளிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். மூன்று தம்ளரிலும் ஆடை படிந்தது.

"சாப்பிட ஏதாவது எடுத்துட்டு வரட்டா?"

"ஐயோ, இப்பத்தான் வயிறு முட்டச் சாப்ட்டு வந்தோம்."

"எம்புட்டு தடவ எந்திரிப்பீக, உக்காருங்க டீச்சர். மேட்ச்ச விட்ருவீக."

அப்போதுதான் பள்ளியில் என் டிபன் பெட்டி நினைவுக்கு வந்தது. அவர்கள் தங்கள் சாப்பாட்டில் எனக்கு எடுத்து வைப்பார்கள். நான் நீட்டினால், "இருக்கட்டும், ஒங்களுக்குப் பத்தாது" என்பார்கள். ஒன்றரை வருடமாக அதை அக்கறை என்று எண்ணியிருந்தேன். கணக்கு டீச்சர்!

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகைதான் எங்கள் சமையல்கட்டு. போய் நின்றேன். அம்மா பரணிலிருந்து பழைய கேக் பெட்டியை இறக்கினாள். அதிலிருந்த நூல்கண்டுகளையும் பொத்தான்களையும் முறத்தில் கொட்டிவிட்டுத் துடைத்தாள். ராஜபாளையத்துப் பேக்கரியின் பெயர் மூடியில் சிவப்பாக இருந்தது. சாண்ட்விச்களைக் கல்லில் போட்டு மறுபடி சூடாக்கி, பெட்டியில் அடுக்கி, பையில் போட்டு அப்பாவிடம் கொடுத்தாள்.

"கொல்லப் பக்கமாப் போயி, வண்டிய எடுத்துக்கிட்டு தெருவச் சுத்தி வாசல் வழியா வாங்க."

அப்பா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

முதல் இன்னிங்ஸ் முடிந்த இடைவேளையில் வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. வாழ்நாளில் பொய் பேசிப் பழகாத அப்பா, தலையைக் குனிந்தபடி பையை நீட்டினார். "ராஜபாளையத்துல வாங்குனதுங்க. பேக்கரியில சூடாப் போட்டுக் குடுத்தாக."

தமிழ் டீச்சர் பெட்டியின் மூடியைப் பார்த்தார். பிறகு, "ஐயா எதுக்குச் சிரமப்பட்டீக" என்றபடி உருளைக்கிழங்கு வைத்த ஒன்றை எடுத்தார். மற்ற இருவரும் எடுத்தார்கள். வயிறு முட்ட இருந்தவர்கள் ஆளுக்கு மூன்று சாப்பிட்டார்கள். புதினாச் சட்னியை விரலால் வழித்தார்கள். ராஜபாளையத்திலிருந்து அத்தனை தூரம் வந்த ரொட்டியில் எப்படி ஆவி பறக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

"இந்த மாதிரி வீட்ல பண்ண வராது டீச்சர். கடைக்காரன் கை தனிதான்" என்றார் விளையாட்டு டீச்சர்.

நம் அணி ஜெயித்தது. அவர்கள் துள்ளினார்கள். என்னையும் கையைப் பிடித்துத் தூக்கினார்கள். நானும் துள்ளினேன்.

அவர்கள் போன பிறகு அம்மா ஆறிய டீயைச் சாக்கடையில் ஊற்றினாள். "அம்புட்டும் தீந்து போச்சு பாத்தியா" என்றாள். அவள் குரலில் உண்மையிலேயே சந்தோஷம் இருந்தது. அப்பா அன்று சாப்பிடவில்லை. அவருக்கென்று ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள், சொல்லிவிடுவது என்ற முடிவோடு பள்ளிக்குப் போனேன். அதை நான்தான் செய்தேன், என் வீட்டுக் கல்லில், என் கையால். வாக்கியங்களைப் பஸ்ஸிலேயே அடுக்கி வைத்திருந்தேன்.

இடைவேளையில் அறிவியல் டீச்சரே ஆரம்பித்தார். "அந்த பேக்கரி ராஜபாளையத்துல எந்தப் பக்கம்? அடுத்த மேட்ச்சுக்கும் அங்கயே வாங்கிருவோம்."

மூன்று முகங்களும் என்னைப் பார்த்தன. அன்பான முகங்கள்தான். சொன்னால் இந்தப் பெஞ்சில் என்ன மிஞ்சும் என்று யோசித்தேன்.

"அந்தக் கடைய மூடப் போறாங்களாம் டீச்சர்" என்றேன்.

"அடடா" என்றார் தமிழ் டீச்சர்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெட்டியைக் கிழித்துப் போடத் தேடினேன். நூல்கண்டுகளும் பொத்தான்களும் இன்னும் முறத்திலேயே கிடந்தன. எண்ணெய்க் கறை போகத் துடைத்து, வெயிலில் காயவைத்து, வெறும் பெட்டியாகவே அம்மா அதைப் பரணில் வைத்திருந்தாள்.

"கெடக்கட்டும்ட்டி" என்றாள். "இன்னொரு தடவைக்கு ஆவும்."