இருநூறுக்கு வரட்டும்

என் மாமாவை முதன்முதலில் பார்த்த அன்று நான் மாமாவைப் பார்க்கவில்லை; அவருடைய காரைத்தான் பார்த்தேன். பாகூர் கடைத்தெருவில் மாட்டுவண்டிகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில், மூக்கை நீட்டிக்கொண்டு அது நின்றிருந்தது. ஸ்டியரிங் இடப்பக்கம். இதென்ன கூத்து என்று வாயைப் பிளந்த என்னை அப்பா வலப்பக்கத்து முன்சீட்டில் ஏற்றிவிட்டு, மாமாவுக்கு வழி காட்டச் சொன்னார். தான் சைக்கிளில் பின்னாலேயே வந்துவிடுவாராம். சோரியாங்குப்பத்தில் நாங்கள் இருந்த வீடு மாமா பிரான்சில் இருந்தபோது கட்டியது. அவருக்கு வழி தெரியாது. எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது.

மாமா அம்மாவின் தம்பி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்புகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். இந்தச் சொல்தா புதுச்சேரியில் வந்து குடியேறி மாதங்கள் ஆகியும் அக்கா வீட்டை எட்டிப் பார்க்கவில்லை. பார்க்க முடியாது என்பதுதான் சரி. நான் பிறப்பதற்கு முன்பே தாத்தா செத்தபோது, ஒரே மகன் வந்து கொள்ளி வைப்பான் என்று அம்மா பிணத்தை எடுக்க விடாமல் காத்திருந்தாள். கடலூரிலிருந்து மீனுக்குப் போடும் ஐஸ்கட்டியைக் கொண்டுவந்து அடுக்கிப் பார்த்தார்கள். மாமா வரவில்லை. கடைசியில் மருமகனான அப்பாதான் கொள்ளி வைத்தார். லீவு கிடைக்கவில்லையாம் என்று யாரோ சொன்னதற்கு, அப்பன் சாவுக்கும் லீவு கேட்டுக்கொண்டா இருப்பான் என்று அம்மா கேட்டாளாம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் பேச்சை எடுக்கக் கூடாது.

அன்று அவரைக் கூப்பிட்டது அப்பாவின் துணிச்சல். காலையில் அம்மாவிடம் சொன்னபோது அவள் வரட்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தம்பியை வாசல் தாண்ட விடுவாளா மாட்டாளா என்பது அப்பாவுக்கே தெரியாது.

எனக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. என் முகத்துக்கு நேரே, தனியாகத் திருகி வைத்த ஒரு வட்ட மீட்டர் இருந்தது. அந்தக் காரில் டர்போ என்று ஒன்று உண்டு என்றும், எஞ்சின் விடுகிற புகையே அதைச் சுழற்றும், அது சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அடைக்கும் என்றும் மாமா விளக்கினார். அந்தப் புகை எவ்வளவு சூடாகப் போகிறது என்பதைத்தான் மீட்டர் காட்டும். எழுநூறில் ஒரு சிவப்புக் கோடு. அதைத் தாண்டினால் உள்ளே உருகிவிடும். ஓட்டுகிறவர் இடத்திலிருந்து மீட்டர் சரியாகத் தெரியாததால் முள்ளைப் பார்த்துச் சொல்லும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது.

எழுநூறு வரும் வரும் என்று கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு வந்தேன். கரும்பு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்துபோகும் காருக்கு எழுநூறு எங்கிருந்து வரும்? முள் முன்னூறைத் தாண்டவே மூச்சு வாங்கியது. எனக்குப் பெரிய ஏமாற்றம்.

வீட்டு வேலியோரம் கார் நின்றது. நான் கதவைத் திறக்கப் போனேன். மாமா தடுத்தார். ஓடிவந்த வண்டியை உடனே நிறுத்தினால் டர்போ கெட்டுவிடுமாம். எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, முள் இருநூறுக்கு வந்த பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டுமாம். நான் மறுபடி முள்ளைப் பார்த்தேன். தெருப்பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் உட்கார்ந்ததில்லை.

முள் இருநூறுக்கு வந்தது. சொன்னேன்.

"இன்னும் கொஞ்சம் கொறையட்டும் பாப்பா" என்றார் மாமா.

நூற்றைம்பதுக்கு வந்தது. அதையும் சொன்னேன். தலையாட்டினார், சாவியைத் தொடவில்லை. அதற்குக் கீழே முள் போகவே இல்லை. அது கெட்டுப்போய்விட்டதோ என்று கண்ணாடியைத் தட்டிக்கூடப் பார்த்தேன். மாமா எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கைகள் ஸ்டியரிங்கை விடவில்லை. உள்ளேயிருந்து யாரும் வரவில்லை.

அப்பாவின் சைக்கிள் மணி கேட்டது. பாகூரிலிருந்து மிதித்துக்கொண்டு அவரே வந்து சேர்ந்துவிட்டார். நாங்கள் இன்னும் இறங்கவில்லை. அப்பா காரை ஒருமுறை பார்த்தார். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் அம்மா வந்தாள். எல்லா வண்டியிலும் டிரைவர் இருக்கும் பக்கமென்று நினைத்தோ என்னவோ, நேராக என் ஜன்னலுக்கு வந்தாள். தம்பியைப் பார்க்காமல் என்னைக் கேட்டாள்.

"இன்னாத்துக்குடி இன்னும் உள்ளயே குந்திகினு கீறீங்க?"

"சூடு தணியணுமாம்மா."

"தணியலியா?"

"எப்பவோ தணிஞ்சிடுச்சு. மாமாதான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு சொல்றாரு."

மாமா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். இவ்வளவு கவனமாக முள்ளைப் பார்த்த என்னை மெச்சாமல் எதற்குத் தலையைக் குனிகிறார் என்று எனக்குக் கோபமாக இருந்தது.

அம்மா முதல்முறையாக அவரைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"வண்டிய நிறுத்துடா. கெணத்தாண்ட வா" என்றாள்.

எஞ்சின் அடங்கியதும் தெருவே அமைதியானது போலிருந்தது. மாமா இறங்கி, அவள் பின்னாலேயே கிணற்றடிக்குப் போனார். சட்டையைக் கழற்றப் போனவரைத் துணியோடு உட்காரச் சொன்னாள் அம்மா. பேன்ட், பெல்ட், கைக்கடிகாரம் எல்லாவற்றோடும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். அம்மா ஒரு வாளி இறைத்து அவர் தலையில் ஊற்றினாள். பிறகு இன்னொரு வாளி. மாமாவின் தோள்கள் குலுங்கின. குளிரில் நடுங்குகிறார் என்று நினைத்தேன். எஞ்சின் சூடு அவருக்கும் ஏறிவிட்டது, அம்மா அதைத் தணிக்கிறாள் என்று எனக்குத் தோன்றியதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பா என் வாயைப் பொத்தினார். அவருடைய இன்னொரு கையில் மாமாவுக்காக ஒரு காய்ந்த வேட்டி இருந்தது.

இழவு வீட்டுக்குப் போய்வந்தவர்கள் இப்படித் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவார்கள் என்பது எனக்கும் தெரியும். தாத்தா செத்து அத்தனை வருஷம் கழித்தும் அம்மா தன் தம்பிக்காக அந்தத் தண்ணீரை வைத்திருந்தாள் என்பதுதான் தெரியாது.