அசனப் பந்தியும் உங்கள் அம்மாவும்

பிள்ளைகளா, தெற்கே எங்கள் ஊர்க் கோயில்களில் வருஷத்துக்கு ஒருமுறை அசனம் போடுவார்கள். எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து அது. கர்த்தருக்கு முன்னால் மேலும் கிடையாது, கீழும் கிடையாது என்று காட்டத்தான் அது. பனியன் கம்பெனி வேலைக்கு வந்தபோது அதையும் வேலம்பாளையத்துக்குக் கொண்டுவந்தோம். கூடவே சாதியும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

உங்கள் அம்மா மாதா கோயிலுக்குப் போகிற கத்தோலிக்க வீட்டுப் பெண். சாதியும் வேறு. கம்பெனியில் நான் ஓவர்லாக் டெய்லர், அவள் செக்கிங். பழகிக் கல்யாணம் செய்துகொண்டோம். புதுசாக வந்த மருமகள் அந்த வருஷ அசனத்தில் பரிமாறுவது எங்கள் ஆட்கள் வழக்கம். ஆனால் சமையலுக்குப் பொறுப்பாக இருந்த என் பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவ வரட்டும், இருந்து சாப்பிடட்டும். வாளியத் தொட வேண்டாம். நாலு பேரு எந்திரிச்சுப் போயிட்டா அசிங்கம்லா."

உங்கள் அம்மாவிடம் சொன்னேன். மூத்தவள் அப்போது வயிற்றில் இருந்தாள்.

"வாரேன். ஆனா அங்க என்னைய ஒதுக்கி வச்சாங்கன்னா அதுதான் கடைசி. பொறக்கப்போற பிள்ளையையும் அந்தச் சபைக்கு அனுப்ப மாட்டேன்" என்றாள்.

சபையா, இவளா என்று ஆகிவிடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அசனத்தன்று பரிமாற ஆள் குறைந்துபோனது. எங்களோடு ஆராதனைக்கு ஜார்கண்ட் பையன்கள் ரெண்டு பேர் வருவார்கள். அவர்கள் ஊரில் வேறு சபையாம். தமிழ்ப் பாட்டுக்கு வாயை மட்டும் அசைப்பார்கள். அவர்கள் தாங்களாகவே சோற்றுக் கூடையைத் தூக்கிவிட்டார்கள். பெரியப்பா பதறிப்போய் ஒருவனை நிறுத்தினார். தெற்கே ஊரையும் தெருவையும் கேட்டால் சாதி தெரிந்துவிடும். அதே பழக்கம் அவருக்கு.

"எந்த ஊருலே நீ?"

"ஜார்கண்ட், அண்ணா."

"அது தெரியும். அங்க எந்தத் தெரு?"

அவன் முழித்தான். "தெரு இல்ல அண்ணா. காடு."

எங்கள் ஆராதனைக் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் இந்த ஊர்க்காரர், இந்து. அவரும் பந்தியில் உட்கார்ந்திருந்தார். "ஏனுங்க பெரியவரே, அவன் தெருப் பேரச் சொல்லிட்டா மட்டும் உங்களுக்கு வெளங்கீருமுங்களா? சோறு ஆறுதுங்க" என்றார். பந்தியே சிரித்தது.

அடுப்பங்கரையிலிருந்து பெரியம்மா குரல் கொடுத்தார். "காட்டுலருந்து வந்தவன் சோறு போடலாம், நம்ம வீட்டுக்கு வந்தவ போட்டா தொண்டையில எறங்காதோ? ஏளா, இங்க வா. பிடி வாளிய."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் அடுப்பைப் பார்த்தார். அதற்குள் வாளி அம்மா கைக்குப் போய்விட்டது.

ஒருத்தர் மட்டும் இலையை மடக்கிவிட்டு எழுந்து போனார். இல்லையென்று சொல்ல மாட்டேன். மற்றவர்கள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். நல்ல கறிக் குழம்பு.

சமைத்தவர்களுக்குக் கடைசிப் பந்தி. பெரியப்பா இலைக்கு முன்னால் அம்மா வந்து நின்றதும், தண்ணீர் ஜக்கோடு நான் அப்படியே நின்றுவிட்டேன். அவள் ஊற்றினாள். அவர் கை வைக்கவில்லை. இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மருமவளே, வெறுங் கொழம்பையா ஊத்துத? அடியில கிண்டிப் போடு."

"அடியில எலும்புதான் கெடக்கு மாமா."

"எலும்பத்தான் கேக்கேன்."

அப்போது எனக்கு வந்த நிம்மதியை எழுத என் படிப்புப் போதாது. ஜக்கைத் தூக்கி நானே மடமடவென்று குடித்துவிட்டேன்.

"ஏலே, பந்திக்குத் தண்ணி ஊத்தச் சொன்னா நீ குடிச்சிட்டா இருக்க?" என்று பெரியப்பா வாய் நிறையச் சோற்றோடு சத்தம் போட்டார்.