கன்னியப்பனின் ஜாவாவும் இருபத்திரண்டு ஆட்டுத்தோல்களும்

ஆம்பூரில் ஒரு வண்டியின் புகை நாறுகிறது என்று 1986-ல் புகார் கிளம்பியது. எந்த ஊரில் என்பதை இன்னொரு முறை படித்துக்கொள்ளலாம். தோல் ஊறும் தொட்டிகளுக்கு நடுவே பிறந்து, அந்தக் காற்றிலேயே பிரியாணி தின்று ஏப்பம் விட்டு வளர்ந்த மூக்குகள், கன்னியப்பனின் ஜாவா பஜாரைக் கடக்கும்போது மட்டும் கைக்குட்டையைத் தேடின. நாகரிகம் எந்த வழியாக ஊருக்குள் நுழையும் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை.

கன்னியப்பன் மாதனூர்க்காரர். பதினாறு வயதில் ஷபீ அஹமது பாயின் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலைக்குச் சேர்ந்தார். இடுப்பளவு சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று தோலைத் திருப்பிப் போடும் வேலை. ஒன்பது வருடத்தில் கைவிரல் நகங்களில் பாதியைச் சுண்ணாம்பு தின்றுவிட்டது. 1973-ல் பாய் பழைய ஜாவா மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி முற்றத்தில் நிறுத்தி, கிராமங்களுக்குப் போய்ப் பச்சைத் தோல் எடுத்து வர யாருக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று கேட்டார். கன்னியப்பன் கை தூக்கினார். சைக்கிள்கூட அவருக்குச் சரியாக வராது. ஆனால் தொட்டிக்குள் நிற்பவனுக்கு வெளியே நிற்கும் எதையும் ஓட்டத் தெரியும் என்றுதான் தோன்றும்.

பாலாற்று மணலில் பழகினார். விழுந்தால் வலிக்காத பள்ளிக்கூடம் அது ஒன்றுதான்.

பிறகு வண்டியை ஆறே செதுக்கியது. முன்சக்கரத்து மட்கார்டில் மணல் அடைத்துக்கொண்டது, கழற்றிப் போட்டார். ஒரு மழைக்காலத்தில் சைலென்சருக்குள் தண்ணீர் புகுந்தது. கொல்லுப் பட்டறையில் கொடுத்து சீட் உயரத்துக்கு வளைத்துக்கொண்டார். எழுந்து நின்றபடி ஓட்ட வசதியாகத் தண்ணீர்க் குழாயில் அகலமான ஹேண்டில் பார் செய்துகொண்டார். பின் டயரில் டிராக்டர் ரப்பரைக் கட்டை கட்டையாக வெட்டி ஒட்டினார். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். முழுகிப்போனால் பிளக்கைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துவிட்டு உதைக்க வேண்டும். இரண்டு உதையில் கோபித்துக்கொள்ளும், மூன்றாவதில் சமாதானமாகும். குடும்பம் நடத்தத் தெரிந்தவருக்கு இது போதாதா?

பாயின் தங்கை மகன் குர்ஷித், மெட்ராஸில் காலேஜ் படிப்பவன், புகார் கிளம்பிய அந்த 1986-ல் லீவுக்கு வந்தபோது வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான்.

"கன்னியப்பண்ணே, உங்க வண்டிக்குப் பேரு இன்னா தெரியுமா? டர்ட் பைக்! ஐரோப்பாவுல இதுக்குன்னே ஃபேக்டரி இருக்கு."

படத்தில் ஒரு வெள்ளைக்காரர் தலை முதல் கால் வரை சேற்றோடு வண்டியில் பறந்துகொண்டிருந்தார். கன்னியப்பன் அக்கறையோடு பார்த்தார்.

"இவரு தோல் எடுக்கவா போறாரு?"

"தோலா? சும்மா போறாருண்ணே."

"சும்மாவா? ஐயோ பாவம்."

இப்படிப் பாராட்டிய அதே குர்ஷித்தான் மாமாவிடம் போய், ஜப்பான் கூட்டில் வந்திருக்கும் நாலு ஸ்ட்ரோக் வண்டியை வாங்கச் சொன்னான். லிட்டருக்கு எண்பது கிலோமீட்டர், புகை இல்லை, சத்தம் இல்லை. படித்தவர்கள் ஒரு பொருளை ரசிப்பது ஒரு கண்ணால், ஒழிப்பது மறு கண்ணால். அடுத்த வாரமே புது வண்டி முற்றத்தில் நின்றது. ஜாவாவைக் குடியாத்தம் லுங்கி வியாபாரி நந்தகோபால் வாங்கிப் போய்விட்டார்.

"பாய், ஆத்துல இது போவாதே," என்றார் கன்னியப்பன்.

"ஆத்துல எதுக்குடா போற? சர்க்கார் பாலம் கட்டி வெச்சிருக்குல்ல?"

"சுத்திப் போனா நேரம் ஜாஸ்தி ஆவும் பாய். பக்ரீத் வேற வருது."

"இத பாரு. இந்த பக்ரீதுக்குத் தோல் கெட்டுப்போச்சுன்னா வண்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம். பழையபடி தொட்டிக்குப் போய்டு."

பாய் கோபத்தில் சொன்னதுதான். ஆனால் கன்னியப்பன் அன்றிரவு சோற்றைப் பிசையும்போது தன் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவர் மனைவி செண்பகம் சொல்கிறார்.

பக்ரீத் அன்று தோல் வியாபாரத்துக்குக் கடிகாரம் வேறு. குர்பானி கொடுத்த ஆட்டின் தோலை வீட்டுக்காரர்கள் மதரஸாவுக்குத் தருவார்கள். மதரஸா அதை விற்றுப் பிள்ளைகளுக்குச் சோறு போடும். ஆகஸ்ட் வெயிலில் ஐந்து மணி நேரத்துக்குள் உப்பைக் காட்டாவிட்டால் தோலிலிருந்து மயிர் கழலும். அதற்குப் பிறகு அது தோல் அல்ல, துக்கம். அக்கரையில் கல்லேரிப்பட்டு என்ற சிற்றூரில் இந்தப் பொறுப்பு ஹலீமா பீ என்ற அம்மாளுடையது. வாசலில் தொங்கும் சாக்குப் படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்தே ஊரை நடத்துபவர். அவர் வைத்த சட்டம் ஒன்றுதான்: கன்னியப்பனின் வண்டிச் சத்தம் கேட்கும்வரை யாரும் தோலை வெளியே கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் நாயும் காக்கையும் முந்திக்கொள்ளும். ஜாவா ஆற்றில் இறங்கும்போதே சத்தம் கேட்டுவிடும். கரையேறுவதற்குள் தோல்கள் மசூதி வாசலுக்கு வந்துவிடும். பதிமூன்று வருடம் ஒரு தோல் பிந்தியதில்லை.

அன்று கன்னியப்பன் மற்ற ஊர்த் தோல்களை ஷாப்பில் இறக்கிவிட்டு, புது வண்டியில் பாலம் சுற்றி, பூனை மாதிரி கல்லேரிப்பட்டுக்குள் நுழைந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மசூதி வாசல் வெறிச்சென்று இருந்தது. படுதாவின் முன் போய் நின்றார்.

"அம்மா, தோலு?"

"யாருப்பா அது?"

"கன்னியப்பன்மா."

"கன்னியப்பன் வந்துட்டுப் போயி அரை மணி நேரம் ஆவுது. இருபத்திரண்டு தோலு எண்ணிக் குடுத்தாச்சு."

"நான்தாம்மா கன்னியப்பன்!"

"வண்டி சத்தத்த நான் என் காதால கேட்டேன். பதிமூணு வருசமா கேக்குறேன். உன் சத்தம் எனக்குத் தெரியலியே. நீ யாரு?"

தான் இன்னார் என்று ஒரு மனிதர் தன் வாயால் சொல்லி நம்பவைக்க முடியாமல் போன சம்பவம் தாலுகா ஆபீசுக்கு வெளியே நடந்தது அன்றுதான்.

நடந்தது இவ்வளவே. நந்தகோபால் லுங்கிப் பாக்கி கேட்க ஜாவாவில் அதே ஊருக்கு வந்திருக்கிறார். பண்டிகை நாளில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்பது அவர் கணக்கு. தூசிக்குப் பயந்து முகத்தில் துண்டைச் சுற்றியிருந்தார். கன்னியப்பனும் நாற்றத்துக்காக எப்போதும் அப்படித்தான் சுற்றியிருப்பார். வண்டி மசூதி வாசலில் நின்ற மாத்திரத்தில் நாலு பக்கத்திலிருந்தும் தோல்கள் வந்து விழுந்தன. கட்டினார்கள். இறுக்கினார்கள். அவர் ஏதேதோ கத்தினார், கையை ஆட்டினார். அவசரப்படுகிறார் என்று நினைத்த மூன்று இளவட்டங்கள், வழக்கம்போல வண்டியைப் பின்னாலிருந்து தள்ளி ஆற்றில் இறக்கிவிட்டார்கள்.

கன்னியப்பன் புது வண்டியைக் கரையில் நிறுத்திவிட்டு மணலில் ஓடினார். நடு ஆற்றில் ஜாவா பின்சக்கரம் புதைந்து நின்றது. தலைக்கு மேலே காக்கைகள். அறுபத்து மூவர் மடத்துக்குப் பரம்பரையாக எண்ணெய் கொடுக்கும் சைவக் குடும்பத்துப் பிள்ளையான நந்தகோபால், வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பாக, ஒரு முள்ளுக் கிளையை வீசிக் காக்கை ஓட்டிக்கொண்டிருந்தார். இது அவருடைய பொருள் அல்ல, விட்டுவிட்டுப் போயிருக்கலாம். வியாபாரி, சரக்கைக் கண்ணெதிரே கெடவிட மனம் வரவில்லை.

"இன்னாய்யா வண்டி வித்தீங்க? பாக்கி கேக்கப் போனா ஆட்டுத் தோல ஏத்தி அனுப்புறாங்க!"

"நீங்க யாருன்னு சொல்ல வேண்டியதுதானே சார்?"

"தொண்டை கிழியச் சொன்னேன்! இது கத்துற கத்துல எவன் காதுல விழுது?"

"ஆஃப் பண்ண வேண்டியதுதானே?"

"ஆஃப் பண்ணா மறுபடி ஸ்டார்ட் பண்றது யாரு, உங்க பாயா? மூணு வாரமா உதைக்கிறேன், கால் வீங்கிப் போச்சு. பத்தாததுக்கு, இந்தச் சத்தம் கேட்டதுமே பாக்கிக்காரன் பூரா கதவைச் சாத்திக்கினு கழனிக்கு ஓடிடறான்யா!"

கன்னியப்பன் மேலே கிடந்த தோலில் ஒரு சிட்டிகை மயிரைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும். பாலம் சுற்றினால் தாங்காது. மணலை நேரே கடந்தால் இருபது நிமிடம்.

புது வண்டியின் சாவியை எடுத்து நந்தகோபாலின் கையில் வைத்தார்.

"கரையில நிக்குது சார். பட்டனைத் தட்டுனா போதும்னு நெனைக்காதீங்க, அதுக்கும் ஒரு உதை உண்டு. ஆனா ஒண்ணுதான்."

பின்சக்கரத்தை மணலிலிருந்து தூக்கிவிட்டு, ஜாவாவின் உதைகம்பியை மூன்று முறை மிதித்தார். கோபம், கோபம், சமாதானம். அதே கம்பியை மடக்கினால் கியர். நீலப் புகையும் மணலும் நந்தகோபாலின் மிச்சமிருந்த வெள்ளையையும் முடித்துவைக்க, கன்னியப்பன் எழுந்து நின்றபடி ஆற்றைக் கடந்தார்.

ஷாப் கேட்டருகே அந்தச் சத்தம் கேட்டதும் பாய் செருப்பில்லாமல் வெளியே வந்தார்.

"அட பேஜாரே! இது எப்படிடா திரும்பி வந்துச்சு? புது வண்டி எங்கடா?"

"லுங்கிக்காரருகிட்ட இருக்கு பாய். முதல்ல உப்பு."

இருபத்திரண்டு தோலுக்கும் உப்பு விழுந்த பிறகுதான் கதை சொல்லப்பட்டது. பாய் ஒவ்வொரு தோலாகத் தானே இழுத்துப் பார்த்தார். ஒன்றிலும் மயிர் வரவில்லை. தொட்டியைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை, கன்னியப்பனும் நினைவூட்டவில்லை.

மறுநாள் நந்தகோபால் வந்தார். புது வண்டியைத் திருப்பிக் கொடுக்க அல்ல. முந்திய நாள் வீடு திரும்பும் வழியில் இரண்டு பாக்கிக்காரர்களை வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பிடித்துவிட்டாராம். வண்டி வந்து நின்றது அவர்களுக்கே தெரியவில்லை, ஒருவருக்குப் புரையேறிவிட்டது.

"பாய், இது என்கிட்டயே இருக்கட்டும். அந்த ராட்சசனை நீங்களே வெச்சிக்கினு, வித்தியாசத்துக்கு லுங்கி வாங்கிக்குங்க."

அந்த வருடம் ஷாப்பில் எல்லோர் இடுப்பிலும் ஒரே கட்டம் போட்ட லுங்கி.

பாய் ஒரு நிபந்தனை போட்டார். ஊர் வாய் அடங்க வேண்டும். ஜாவாவுக்குப் புது சைலென்சர் மாட்டியே ஆக வேண்டும். மாட்டினார்கள். பஜாரில் வண்டி ஏறக்குறைய மரியாதையாகப் போனது. கைக்குட்டைகள் பைக்குத் திரும்பின.

அடுத்த பக்ரீதுக்குக் கன்னியப்பன் ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தினார். ஸ்பேனரை எடுத்து, சைலென்சருக்குள் சத்தத்தை அடக்கும் குழாயை உருவிச் சாக்கில் சுற்றி சீட்டுக்கடியில் வைத்தார். பிறகு இறங்கினார். கல்லேரிப்பட்டில் ஒரு படுதாவுக்குப் பின்னால் ஒரு குரல் எழுந்தது: "எடுத்தாங்கடா, வந்துட்டான்."

திரும்பும்போது இக்கரையில் மறுபடி மாட்டிக்கொண்டார். ஷாப்பில் தோல்களை இறக்கும்போது பாய் அவர் கையைப் பார்த்தார். பாதி நகம் இல்லாத விரல்களில் புதுக் கரி.

"கையக் கழுவிக்கினு வந்து சாப்பிடு," என்றார் பாய்.