மெர்லின் பார்த்த மூன்று பனிச்சரிவுகள்

திருவொற்றியூர் தேரடியிலிருந்து ராயபுரம் வரை ஷேர் ஆட்டோ ஓட்டுகிற மெர்லின் அக்காவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று எங்கள் தெருவில் சொல்லிக்கொள்வார்கள். சுத்தப் பொய். தினமும் அவள் வண்டியில் வேலைக்குப் போகிறவள் நான். கன்டெய்னர் லாரி பக்கத்தில் வந்தால் அவள் தாடை எப்படி இறுகும் என்று எனக்குத் தெரியும். அவள் புருஷன் பென்னி ஓட்டுவதும் அந்த மாதிரி லாரிதான். "மேல குந்திகினா, லெப்ட்ல கீழ இன்னா கீதுன்னே தெர்யாது" என்று அவனே ஒரு நாள் உளறித் தொலைத்தான். பெண்டாட்டியிடம் சொல்கிற பேச்சா இது? அதுவும் காது கேட்காத மகளை வைத்துக்கொண்டு அந்த ரோட்டில் நடக்கிறவளிடம்.

மகள் பெயர் தேவகிருபை. பதினேழு வயது. பிறவியிலேயே காது கேட்காது. ஹாரன் அடித்தாலும் திரும்ப மாட்டாள் என்பதால், பள்ளிக்கூடம், சர்ச், கடை என்று எங்கே போனாலும் அக்கா கூடவே போவாள். ரோட்டுப் பக்கம் தான் நடந்து, மகளைச் சுவரோரம் ஒதுக்கிக்கொண்டே போவாள். அந்தப் பெண்ணோ ஸ்கேட்டிங் ஷூவை மாட்டினால் பறக்கிற ரகம். காது கேளாதோர் போட்டி ஒன்றில் அவள் ஜெயித்தபோதுதான் ஃபர்ஹான் என்ற பயிற்சியாளர் கண்ணில் பட்டாள். பனியில் சறுக்குகிற ஸ்கீயிங்குக்கு இவளைத் தயார் செய்யலாம் என்றார் அவர். மலைக்குப் போகும் முன் கட்டடத்துக்குள் இருக்கிற செயற்கைப் பனிச்சரிவில் ஒரு மாதம் பழக வேண்டும். ஹாஸ்டலில் தங்க வேண்டும். அம்மா கூட இருக்க முடியாது.

அக்காவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. முடியாது என்றால் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாது, சரி என்றால் தூங்க முடியாது. கடைசியில் ஃபர்ஹானிடம் சொன்னாள்: "ஒவ்வொரு எடமா நான் கண்ணால பார்க்கணும் சார். எதுவும் சரியில்லன்னா, எம்பொண்ணைக் கூட்டிகினு வந்துகினே இருப்பேன்."

முதலில் சென்னையின் தென்கோடியில் ஒரு மால். உள்ளே குழந்தைகள் ரப்பர் டியூபில் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டிருந்தார்கள். "இது சறுக்கு மரம் சார். எங்க பார்க்குலயே கீது" என்றாள் அக்கா. ஃபர்ஹானுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்தது பெங்களூர். அங்கே சரிவு இருந்தது. ஆனால் பனி, காசிமேட்டில் மீன் பெட்டியில் கொட்டுகிற ஐஸ் போல் இறுகிக் கிடந்தது. சரிவு முடிகிற இடத்தில் உடனே சுவர், அதன்மேல் ஒரு மெத்தை. அக்கா மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். விரல் சுவரில் போய் முட்டியது. "வண்டி நிக்க எடம் வோணாமா சார்? இது நேரா செவுத்துலதான் நிக்கும்." வேண்டாம் என்று திரும்பிவிட்டார்கள். குறை கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க அவளுக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்திருக்கும். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

மூன்றாவது, டெல்லி பக்கம். உள்ளே நுழைந்ததுமே அவள் மூலை மூலையாகத் தேடிப் பார்த்தாள். குறை சொல்ல எதுவுமில்லை. நீளமான சரிவு, மிருதுவான பனி, இரண்டு பக்கமும் வலை, கீழே நின்று நிதானிக்கத் தாராளமான சமதளம்.

"இதுல பிரேக் எங்க கீது சார்?"

காலில் மாட்டுகிற சறுக்குக் கட்டைகளை முன்பக்கம் ஒட்டி, பின்பக்கம் குதிகாலை விரித்தால் நிற்கும் என்று ஃபர்ஹான் காலை வைத்துக் காட்டினார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்க்கா."

கிருபை அடிச்சரிவில் நாலைந்து முறை சறுக்கி நின்று பழகிவிட்டு, மேலே போய்க் கையசைத்துச் சறுக்கத் தொடங்கினாள். பாதி வருவதற்குள் கரன்ட் போனது.

ஜன்னல் இல்லாத கட்டடம். தன் கையே தனக்குத் தெரியாத இருட்டு. "அசையாதீங்கக்கா, அங்கேயே நில்லுங்க" என்று ஃபர்ஹான் கத்தினார். அக்கா எங்கே நின்றாள்? கூப்பிட்டால் மகளுக்குக் கேட்காது, இருட்டில் சைகையும் தெரியாது, செல்போன் லாக்கரில் கிடக்கிறது. வீட்டில் கரன்ட் போனால் அக்கா தரையை ஓங்கி மிதிப்பாள். அதிர்வு காலில் பட்டதும் கிருபை அந்தத் திசையில் நடந்து வந்துவிடுவாள். அதே நினைப்பில் அக்கா சரிவில் ஏறி மிதித்தாள். பனி காலை உள்ளே வாங்கிக்கொண்டது, ஒரு சத்தமும் இல்லை. இன்னும் மேலே போய் மிதித்தாள். விழுந்தாள். எழுந்து மறுபடி மிதித்தாள். "கர்த்தரே, எம்பொண்ணு, எம்பொண்ணு" என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை வரவில்லையாம். இதை என்னிடம் சொல்லும்போது வண்டியை ஓரம் கட்டிவிட்டாள்.

விளக்கு வந்தது. சரிவில் யாரும் இல்லை.

உயிரே போய்விட்டது அவளுக்கு. பிறகுதான் ஓரத்து வலையில் மகளின் சிவப்பு ஜாக்கெட் தெரிந்தது. தவழ்ந்து போய்ச் சேர்ந்தாள். கிருபையின் கன்னம் சிராய்த்திருந்தது, ஒரு மணிக்கட்டு வீங்கியிருந்தது. மற்றபடி பழுதில்லை. பழுதில்லை என்று தெரிந்ததும் அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு கையாலும் திட்டினாள். நேராகக் கீழே வந்து நின்றிருக்கலாமே, வலையில் ஏன் போய் விழுந்தாய்? நிறுத்தத் தெரியாதா? இதற்குத்தானே வேண்டாம் என்று அடித்துக்கொண்டேன்?

கிருபை நல்ல கையால் பதில் சொன்னாள். நிறுத்தத் தெரியும். ஆனால் நீ நிற்க மாட்டாய், ஏறி வருவாய் என்றும் தெரியும். உன்மேல் மோதிவிடுவேனோ என்று பயந்தேன். அதனால்தான் விழுந்தேன்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். அவள் மிதித்த தடம், மகள் இறங்கிவர வேண்டிய பாதைக்கு நட்டநடுவே ஏறி வந்திருந்தது.

மேனேஜர் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டார். நாளைக்குள் விளக்குகளுக்குத் தனி பேட்டரி வைத்துவிடுவதாகச் சொன்னார். அக்கா அவரைப் பார்க்கக்கூட இல்லை. மகளின் கைக்குக் கட்டுப் போட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஃபர்ஹானிடம் வந்தாள்.

"பேட்டரி வெச்சப்புறம், கை ஆறினதும் பழக்குங்க சார். இந்த எடமே இருக்கட்டும். நான் இன்னிக்கே கெளம்புறேன்."

"ரெண்டு நாள் கூட இருந்துட்டுப் போங்கக்கா. அடிபட்ட புள்ளை."

"வாணாம் சார்" என்றாள் அக்கா. "நான் இங்க கீற வரைக்கும் அவ வுழுந்துகினேதான் இருப்பா."