கையில் கொடுக்கும் காசு

எங்கள் கடலை மிட்டாய்க் கடைக்கு இணையத்திலும் ஒரு கடை உண்டு. கோவில்பட்டியில் மிட்டாய்க் கடைக்கா பஞ்சம்? வாசலில் கூட்டம் குறைந்துபோன ஒரு வருஷத்தில், வேறு வழி தெரியாமல் அதை ஆரம்பித்தோம். கடலை வறுப்பதும் பாகு காய்ச்சுவதும் என் வீட்டுக்காரர் பொறுப்பு. கம்ப்யூட்டரும் பார்சலும் ஆட்களோடு சண்டை போடுவதும் என் பொறுப்பு. கடைசி வேலையில் எனக்கு ஊருக்குள் நல்ல பெயர் இருக்கிறது.

போன ஐப்பசியில் ஒரு மதியம் கடை நம்பருக்கு ஓர் அம்மா கூப்பிட்டார். எழுபது வயது இருக்கும். பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் பிறந்தவர். இப்போது சென்னையில் மகன் வீட்டில், எட்டாவது மாடியில் இருக்கிறார்.

“ரெண்டு கிலோ மிட்டாய் வேணும் தாயி. காசு கையில இருக்கு. கொண்டு வாரவன்கிட்ட குடுத்துருதேன்.”

“அந்த வசதி எங்ககிட்ட இல்லம்மா. முதல்லயே போன்ல அனுப்பணும்.”

“போன்ல அனுப்புததெல்லாம் மகன்தான். அவன்கிட்டச் சொன்னா அவனே வாங்கிப் போட்டுருவான். அது வேண்டாம்.”

ஏன் வேண்டாம் என்று கேட்டேன். எதிர் வீட்டுப் பெண் பலகாரம் செய்தால் ஒரு டப்பாவில் இவருக்கென்று கொண்டுவந்து கொடுப்பாளாம். எங்கள் பக்கம் வந்த பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒன்றும் இல்லையென்றால் ஒரு கை சீனியையாவது போட்டுத்தான் கொடுப்போம். மூட்டு வலியால் இந்த அம்மாவுக்கு இப்போது அடுப்பு முன்னால் நிற்க முடியவில்லை. எதிர் வீட்டு டப்பா மூன்று சேர்ந்துவிட்டது. மருமகள் பிஸ்கட் போட்டுக் கொடுத்துவிடலாம் என்றாளாம்.

“அது அவிய காசு தாயி. டப்பா எனக்கு வந்தது. நான்லா நெறைக்கணும்? ஊர்ல எம் பங்கு நெலத்துக் குத்தகைப் பணம் வச்சிருக்கேன்.”

போனை வைத்துவிட்டு வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பாகு கிண்டும் சட்டுவத்தைக் கீழே வைக்காமலே, “ரெண்டு கிலோதான, சும்மா அனுப்பி வையி” என்றார். நானும் பெரிய மனசோடு திருப்பிக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“ஓசியில வாங்கி நான் அடுத்தவியளுக்குக் குடுக்கணுமாக்கும்? வேண்டாம் தாயி” என்று வைத்துவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. நல்லது செய்யப் போய் ஒரு மனுஷியைச் சிறுமைப்படுத்திவிட்டேனே என்று அன்று முழுக்க வேலையே ஓடவில்லை.

கேஷ் ஆன் டெலிவரி என்கிற அந்த வசதியைச் சேர்ப்பது ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியமில்லை. கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் தீர்ந்தது. ஆனால் நான் ரெண்டு வருஷமாக அதைத் தொடவில்லை. காசு கொடுக்காதவனுக்கு ஆர்டர் போடுவது விளையாட்டு. வாசலுக்கு வந்ததும் வேண்டாம் என்பான். போகிற கூரியர் கூலியும் நம் தலையில், வருகிற கூலியும் நம் தலையில். அடை மழையில் பத்து நாள் ஊர் சுற்றித் திரும்பும் மிட்டாய் நமத்துப்போகும். அதை விற்கவும் வீட்டுக்காரர் விடமாட்டார்.

இதையெல்லாம் சொன்னதற்கு அவர், “கடைக்கு வாரவிய கையில ஒரு துண்டு குடுக்கோம். தின்னு பாத்துட்டுத்தான காசு எடுக்காவ? அங்கன மட்டும் முதல்ல காசக் கீழ வைன்னா எப்படிட்டி?” என்றார்.

“கடைக்கு வாரவன் மூஞ்சியப் பாக்கேன். இதுல மூஞ்சி எங்க இருக்கு?”

“அந்தம்மா மூஞ்சியயும் நீ பாக்கல. ஒரு நாப்பூரா அவியளப் பத்தித்தான பேசுத?”

ஒரு மாசம் மட்டும் என்று சொல்லி டிக் அடித்தேன். அந்த அம்மாவைக் கூப்பிட்டு, அவர் சொல்லச் சொல்ல நானே ஆர்டரைப் போட்டேன். “காசு வாங்குவான்லா?” என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

வீட்டுக்காரர் அதோடு விட்டிருக்கலாம். தின்று பார்த்துவிட்டுக் காசு கொடுக்கட்டும் என்று, அந்த மாசம் போன ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு துண்டு மிட்டாயைச் சின்னக் கவரில் போட்டு ஒட்டினார். கூரியர் ஆபீஸில் பார்சல் எடுக்கிறவர், “அண்ணாச்சி, வெளிய ஒட்டுனது எங்களுக்கா?” என்று கேட்டாராம். இவர் அதைப் பெருமையாக என்னிடம் வந்து சொன்னார். தலையில் அடித்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் நான்கு பெட்டிகள் திரும்பி வந்தன. மூன்றில் கவர் காலி. தின்றது கூரியர்காரரா, ஆர்டர் போட்டவரா, எறும்பா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். நான்காவதில் கவர் பிரிக்காமல் அப்படியே இருந்தது. விலாசத்தைப் பார்த்தேன். எட்டாவது மாடி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மற்ற மூன்று பேரை நான் நம்பவே இல்லை, அதனால் அவர்கள்மேல் வருத்தமும் இல்லை. இந்த அம்மாவை நம்பியிருந்தேன். அன்றைக்கே அந்த டிக்கை எடுத்துவிடுவது என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது போன் அடித்தது.

“தாயி, எம் பெட்டி அங்கன வந்துட்டாம்மா?” அந்த அம்மாதான். “சனிக்கிழமை கொண்டாந்திருக்கான். நான் குளிச்சுக்கிட்டு இருந்தேன். மகன் கதவத் தெறந்து, பேரக்கூடப் பாக்காம, நாங்க ஒண்ணும் ஆர்டர் போடலன்னு அனுப்பிட்டான். இன்னைக்குத்தான் பேச்சோட பேச்சாச் சொல்லுதான்.”

“மகன்கிட்டச் சொல்லிவச்சிருக்கலாமேம்மா?”

“சொன்னா, நான் குடுக்கேன்னு நிப்பான். நல்ல பிள்ளதான் தாயி. அதான் சங்கடமே.”

அவரைப் பொய்க்காரி என்று நினைத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்றால், நான் நினைத்தது அவருக்குத் தெரியவும் தெரியாது.

“போன தடவைக் கூலியயும் சேத்து எழுதிரு, குடுத்துருதேன். சனி, ஞாயிறு வராமப் பாத்துக்கோ” என்றார். கூலியை எழுத மாட்டேன், அது எங்கள் பாடு என்று சொன்னதற்கு அரைமனதாகச் சரி என்றார்.

மறுநாள் அடுப்பிலிருந்து இறங்கிய மிட்டாயில் புதுப் பெட்டி கட்டினேன். சனிக்கு முன்னால் போய்ச் சேருகிற மாதிரி நாள் பார்த்து, நானே டவுன் பஸ்ஸில் போய்க் கூரியரில் கொடுத்தேன். கரிசல் சகதி முழங்கால் வரை. பெட்டி மேல் எதையும் ஒட்டவில்லை.

புதன்கிழமை பதினோரு மணிக்கு அந்த அம்மாவின் போன் வந்தது. மூச்சு வாங்கியது, எதிர் வீட்டுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருக்கிறார்.

“மூணு டப்பாவயும் நெறச்சுக் குடுத்துட்டேன் தாயி.”

“மகன் ஆபீஸ் போயாச்சாம்மா?”

“எங்க போனான்? இன்னைக்குன்னு பாத்து வீட்டுலருந்துல்லா வேல பாக்கான்! நான் எந்திரிச்சு வாரதுக்குள்ள கதவத் தெறந்துட்டான். பெட்டியில எம் பேரப் பாத்துட்டு, நான் குடுக்கேம்மான்னு போன எடுத்தான்.”

“அய்யோ.”

“அந்தப் போன உள்ள வையின்னேன்” என்றார் அந்த அம்மா. “வச்சுட்டான்.”