முதுமலையில் இரண்டு ஷிப்ட்

எங்கள் குடும்பம் முழுசாகக் கூடுவது படப்பை பஸ் நிறுத்தத்தில்தான். என் வீட்டுக்காரன் அவன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குவான். நான் என் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பேன். நடுவில் நாய். அதன் கயிறு என் கையிலிருந்து அவன் கைக்குப் போகும்.

"சாப்ட்டாச்சு. ஒண்ணுக்குப் போயாச்சு. ரெண்டுக்கு இன்னும் போகல."

"சரிமா. நீ சாப்ட்டியா?"

பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிடும். அடுத்த வாரம் ஷிப்ட் மாறும், அப்போது நான் இறங்குவேன், அவன் ஏறுவான். நாய்க்குத்தான் ஷிப்ட் கிடையாது.

அவனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் அசெம்பிளி. எனக்கு ஒரகடத்தில் கார் பாகங்களின் தரம் பார்க்கும் வேலை. நான் வீடு திரும்பும்போது அவன் தூங்கியிருப்பான், அவன் கிளம்பும்போது நான். "ஒரே வூட்லதான் கீறோம். ஆனா லவ் பண்ணப்போ இத்த விட ஜாஸ்தி பாத்துக்கினோம்ல?" என்று நிறுத்தத்தில் ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னான். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. அன்று ஷிப்ட் முழுக்க அதே நினைப்பு. ஏதாவது ஒன்றை, எதுவாக இருந்தாலும் சரி, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் பார்த்துவிட வேண்டும். எனக்கு யானை என்றால் பைத்தியம். அதனால் முதுமலை.

நான் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன். இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு வாங்கியதே பாதி ஜெயித்த மாதிரி இருந்தது. மசினகுடியில் நாயைச் சேர்த்துக்கொள்ளும் ரூம் தேடினேன். ரூம்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார், நாயை ரூமில் தனியாக விட்டுப் போகக்கூடாது. "விடவே மாட்டோம் சார், எங்க போனாலும் மூணு பேரும்தான்," என்றேன். யானைகளைப் பற்றிப் படித்துப் படித்து, தாய் யானைக்குப் பால் மடி முன்னங்கால்களுக்கு நடுவில் என்பதுவரை தெரிந்து வைத்துக்கொண்டேன். வழியில் அவனிடம் சொல்லத்தான் அத்தனையும்.

வழியில் அவன் தூங்கினான். ஓவர்டைம் முடித்து அப்படியே காரில் ஏறியவனுக்கு, காஞ்சிபுரம் தாண்டுவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. வண்டி ஓட்டிக்கொண்டே வேலூரும் கிருஷ்ணகிரியும் நான் மட்டும் பார்த்தேன். மலை வந்தால் நாயிடம் "மலை பாரு" என்றேன். அது பின் சீட்டிலிருந்து என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு கேட்டது. சேலத்தில் டீ குடித்துவிட்டு ஸ்டியரிங்கை அவன் வாங்கிக்கொண்டான். இனி பேசிக்கொண்டே போகலாம் என்று உட்கார்ந்ததுதான் எனக்கு ஞாபகம். கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே தேயிலை.

"மலை ஏறிட்டோமா? எழுப்பறதுக்கு இன்னா?"

"எழுப்பலாம்னுதான் பாத்தேன். வாயத் தொறந்துகினு தூங்குற, பாவமா இருந்துச்சு."

மறுநாள் காட்டுக்குள் போகும் வண்டிக்கு டிக்கெட் வாங்க நின்றோம். கவுன்டரில் இருந்தவர் எட்டி நாயைப் பார்த்தார்.

"நாய் வரக்கூடாதும்மா."

"கயிறு போட்டு மடியிலயே வச்சுக்குவோம் சார்."

"நீங்க மடியில வைங்க, தலையில வைங்க. சிறுத்தைக்கு அது டிபன்மா."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"நீ கேட்டிருப்பேன்னு நெனச்சேன்," என்றான். "நீதான ரூம் எல்லாம் பேசின."

"நீ கேட்டிருப்பேன்னு நான் நெனச்சேன். வண்டி டைமெல்லாம் நீதான சொன்ன."

எங்கள் லைனில் கோளாறான பாகம் தப்பிப் போவது எப்போதும் இப்படித்தான். முந்தின ஷிப்ட் பார்த்திருக்கும் என்று இவர்கள் விடுவார்கள், அடுத்த ஷிப்ட் பார்த்துக்கொள்ளும் என்று அவர்கள் விடுவார்கள். அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நாயைத் தனியாக விடமாட்டோம் என்று ரூம்காரருக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாயிற்று. வெயிலில் காரில் பூட்டிவைக்கவும் முடியாது. அவன் கையை நீட்டி என்னிடமிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டான்.

"நீ ஃபர்ஸ்ட் ஷிப்ட் போ. வந்ததும் நான் போறேன்."

சிரிக்கத்தான் சொன்னான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

வண்டியில் என் பக்கத்து சீட்டில் யாரோ ஒரு பெரியவர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன் சீட்டு ஜோடி தங்களைப் படமெடுக்கச் சொல்லி போனை என்னிடம் நீட்டியது. எடுத்துக் கொடுத்தேன். ஒரு திருப்பத்தில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். மூங்கிலுக்குப் பின்னால் ஒரு யானை, அதன் காலடியில் குட்டி. "இங்க பாரேன்," என்று பக்கத்தில் கையைப் பிடித்துவிட்டேன். பெரியவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, "பாத்துட்டுதாம்மா இருக்கேன்," என்றார்.

திரும்பி வந்ததும் கயிறு கைமாறியது. "தண்ணி குடிச்சான். கொரங்கப் பாத்துக் கொலச்சான்," என்றான். அவன் ஏறிய வண்டி மரங்களுக்குள் மறைந்தது. நாய் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது. பிஸ்கட் கொடுத்தேன், திரும்பவில்லை. கூப்பிட்டேன், காதை மட்டும் அசைத்தது. பஸ்ஸில் ஏறின பிறகு நான் ஒரு நாளும் பின்னால் பார்த்ததில்லை. எனக்காகவும் அது இப்படித்தான் உட்காருகிறதா என்று அன்றுதான் யோசித்தேன். அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நானும் அந்த வழியையே பார்த்தேன்.

அவன் மானும் மயிலும் பார்த்துவிட்டு வந்தான். "யான இல்ல," என்றான். நான் யானை பார்த்ததை அப்போது சொல்ல மனசு வரவில்லை. ராத்திரி சாப்பிடும்போதுதான் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவன் தட்டில் கையை வைத்தபடி கண்ணயர்ந்துவிட்டான்.

லீவு முடிந்து முதல் நாள், படப்பை நிறுத்தம். அவன் இறங்கினான். நான் கயிற்றை நீட்டினேன்.

"சாப்ட்டாச்சு. எல்லாம் போயாச்சு."

"அத்த விடு. அந்த யான எப்டி நின்னுச்சு? பாதியில தூங்கிட்டேன். திரும்ப சொல்லு."

"மூங்கிலுக்குப் பின்னால. குட்டி அம்மாவோட முன்னங்கால் நடுவுல தலைய வுட்டுக்கினு—"

"முன்னங்கால்லயா? அங்க இன்னா கீது?"

சொல்ல வாயெடுத்தேன், பஸ் வந்துவிட்டது. ஏறி, இந்த முறை ஜன்னல் பக்கம் உட்காராமல் கடைசி சீட்டுக்குப் போய்ப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நாய் உட்கார்ந்திருந்தது. அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.