மச்சான் வீட்டுப் புழுக்கள்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அப்படியிருந்தும் பெங்களூரில் ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தை, அங்கிருந்த டாக்டர் பட்டக்காரர்கள் அத்தனை பேரையும் சேர்த்து, நாலு மாதம் ஏமாற்றியிருக்கிறேன். இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும் என்கிறாள் என் மனைவி. வெட்கம் தனி, பெருமை தனி.

எண்பதுகளில் காரிமங்கலத்துப் பக்கம் பட்டுப்புழு வளர்த்தவர்களில் என்னைத் தெரியாதவர் கிடையாது. வெள்ளைக்கூடு கட்டும் ரகம் நம் வெயிலுக்குத் தாங்காது என்று ஆபீசர்களே கையை விரித்தபோது, ஈரச்சாக்கு கட்டித் தொங்கவிட்டு வளர்த்துக் காட்டினேன். அதனால்தான் ஆராய்ச்சிக்கூடம் என்னைத் தேடி வந்தது. வந்தது என்றால், தருமபுரி டவுனைச் சேர்ந்த ஒரு பெண், அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவள், மூங்கில் கூடையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"அண்ணா, மாசம் நூறு புழு வேணும். எல்லாம் ஒரே ரகமா இருக்கணும், கலப்பே கூடாது."

"நூறு என்னாம்மா, ஆயிரம் எடுத்துக்க. எதுக்கு?"

"வயித்த அறுத்துப் பாக்கத்தான்."

என் மனைவி முகத்தைச் சுளித்தாள். "புள்ளையாட்டம் வளத்துக் குடுக்கறது அறுக்கறதுக்கா?"

"கூடு கட்டுனா மட்டும் என்னாங்க, வெந்நீர்லதான போடறாங்க?"

நல்ல வாய். எனக்குப் பிடித்துவிட்டது.

பட்டு என்பது ஒரு புரதமாம். அதைச் செய்யும் முறை ஒவ்வொரு புழுவின் உடம்புக்குள்ளும் எழுதியிருக்கிறதாம்; அதற்குப் பெயர் ஜீன். அது மூலப்பத்திரம் மாதிரி, வெளியே எடுக்கமாட்டார்கள். நகல் எழுதி, நகலைப் பார்த்துத்தான் பட்டு தயாராகும். எந்த நாளில் எத்தனை நகல் எழுதுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. பத்திர ஆபீசில் ஒரே ஒரு நகலுக்கு ஆறு நாள் நடந்தவன் நான். புழு ஆயிரக்கணக்கில் எழுதித் தள்ளுகிறது என்றதும் அதன்மேல் மரியாதையே வந்துவிட்டது.

சித்திரை வெயிலில் என் வெள்ளை ரகத்துக்குப் பால்நோய் வந்தது. தோல் வெடித்துப் பாலாக ஒழுகிச் செத்தன. தேறியது எழுபதுதான். "செத்துப்போச்சுன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லேன், வாயி என்னா நோவுமா?" என்றாள் மனைவி. நோகும். என் கொட்டகையில் புழு சாகாது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவன் நான். பக்கத்து நிலத்தில் மச்சான் கலப்பு ரகம் வளர்த்தார். அங்கிருந்து முப்பதை அள்ளிக் கூடையில் கலந்தேன்.

புழுவாக இருக்கும்வரை வித்தியாசம் என் கண் ஒன்றுக்குத்தான் தெரியும். கூடு கட்டினால் அது மஞ்சள், இது வெள்ளை, குட்டு உடைந்துவிடும். இவர்களோ கூடு கட்டும் முன்பே அறுத்துவிடுகிறவர்கள். அப்புறம் என்ன பயம்? நோய் விட்டபாடில்லை; அடுத்த மூன்று மாதமும் அதே எழுபது, அதே முப்பது.

ஒருநாள் அவள் கூடை இல்லாமல் வந்தாள். கையில் எக்ஸ்ரே படம்.

"எந்த எலும்பும்மா முறிஞ்சது?"

"என் எலும்புதாங்கண்ணா."

வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். எலும்பு இல்லை, சின்னச் சின்னக் கறுப்புக் கோடுகள். கடல்பாசிப் பொடியைக் காய்ச்சித் தட்டில் ஊற்றினால் ஆறிய கேப்பைக் கூழ் மாதிரி உறைந்துவிடுமாம், அதற்குப் பெயர் ஜெல். புழுவின் டி.என்.ஏ.வைத் துண்டுபோட்டு அதன் ஒரு ஓரத்தில் விட்டுக் கரண்ட் கொடுத்தால் துண்டுகள் நகரும். காரிமங்கலம் சந்தைக் கூட்டத்தில் ஒல்லியானவன் புகுந்து முன்னால் போய்விடுவான், தொந்திக்காரன் பின்னால் முழிப்பான் அல்லவா, அதே கதைதான். பட்டு ஜீன் எந்த இடத்தில் நின்றது என்பது படத்தில் கோடாக விழும். ஒரே ரகத்துப் புழுவுக்கு ஒரு கோடு விழவேண்டும்; கலப்பு என்றால் தாய் வழி ஒன்று, தகப்பன் வழி ஒன்று, ஆக ரெண்டு.

"நகல் கணக்கு மாசாமாசம் தாறுமாறா வருதுன்னு ஒவ்வொரு புழுவா தனித்தனியா போட்டேங்கண்ணா. சிலதுக்கு ரெண்டு கோடு வருது. என் கை சுத்தமில்லையாம், டியூப மாத்தி மாத்திக் கலந்துட்டேனாம். இந்த மாசத்தோட கிளம்பச் சொல்லிட்டாரு புரொபசர். கல்யாணம் ஆகறவரைக்கும் பொழுதுபோக்கற எடம் இல்லையாம் அது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க புழு ஒரே ரகம்தானுங்களே?"

"என்னாம்மா இப்பிடிக் கேட்டுட்ட! எங்கிட்டயா?"

புழுவுக்கு மல்பெரி இலை நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். "ரெண்டு கோடு எத்தன புழுவுக்கும்மா?"

"பத்துக்கு மூணுங்க."

"நூத்துக்கு முப்பது." என்னைப் பார்த்தாள். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன். அந்தப் பெண் இலைக் குவியல் மேலேயே உட்கார்ந்து, "அப்ப என் கை சுத்தம்," என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

மறுநாள் அவளோடு பஸ் ஏறினேன். பன்னிரண்டு சின்ன டப்பாவில் பன்னிரண்டு புழு, அந்த மாதத்துக்குக் கலந்து வைத்திருந்த கூடையிலிருந்து கண்ணாலேயே பார்த்துப் பிரித்தவை. புரொபசர் ஏசி ரூமில் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருந்தார். நல்ல தமிழ்க்காரர்தான், ஆனால் என்னிடம் பேசும்போது தமிழே மூச்சு வாங்கியது. முப்பது புழு கலந்த கதையைச் சொன்னேன்.

"இவர நீயே சொல்லிக்குடுத்து அழைச்சிண்டு வந்திருக்கே."

"சார், எது எங்கூட்டுப் புழு, எது மச்சான் வூட்டுதுன்னு சீட்டுல எழுதியிருக்கறேன். உங்க மேசையில வெச்சுப் பூட்டுங்க. இவங்க படம் எடுத்துச் சொல்லட்டும். தப்பாச் சொன்னா ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல தருமபுரி போயிடறோம்."

இதற்கு மறுப்புச் சொல்ல எந்தப் படிப்பிலும் இடமில்லை. பூட்டினார்.

பத்து நாள் கழித்து மறுபடி போனேன். அவள் படத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவர் சீட்டைப் பார்த்துத் தலையாட்டினார். பதினொன்றும் சரி. பன்னிரண்டாவதுக்கு ரெண்டு கோடு, மச்சான் வீட்டுப் புழு என்றாள். சீட்டில் என் வீட்டுப் புழு என்றிருந்தது. புரொபசர் முகத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

"மூணு தடவை போட்டுட்டேன் சார்," என்றாள். "மூணு தடவையும் ரெண்டு கோடுதான்."

அவர் என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றேள்?"

படத்தை வாங்கி ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். ரெண்டு கோடு, பளிச்சென்று. என் கண்ணை ஏமாற்றிய புழு அதுவரை பிறக்கவில்லை என்று நான் சொல்லாத டீக்கடை இல்லை. படத்தை மேசைமேல் வைத்தேன்.

"கண்ணு என்னுதுதான் தப்பு சார். அவங்க கை சரி."

அவளைக் கிளம்பச் சொல்லி டைப் அடித்து வைத்திருந்த காகிதத்தை அவர் எடுத்துக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். கடிகாரத்தைப் பார்த்தார், என்னவோ அதோடு முடிந்த மாதிரி.

"சார்," என்றேன், "நான் புழு மேய்க்கறவன். தப்புன்னு சொல்ல எனக்கே நாலு மாசம் ஆச்சு. உங்களுக்கு எத்தன மாசம் ஆகும்னு சொன்னீங்கன்னா, அதுவரைக்கும் வெளிய பெஞ்சுல உக்காந்திருப்பேன்."

என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். பெரிய வார்த்தை ஒன்றுமில்லை. தருமபுரி பஸ்ஸில் காலை மிதித்தவன்கூட அதைத்தான் சொல்கிறான், அதுவும் உடனே.